காரின் பின்பக்க ஷாக் அப்சார்பரை வீட்டிலேயே மாற்றுவது எப்படி? – முழுமையான வழிகாட்டி

காரின் சஸ்பென்ஷனில் வீட்டிலேயே செய்யக்கூடிய வேலைகளுள் பின்பக்க ஷாக் அப்சார்பர் மாற்றுவது எளிய ஒன்று. பெரும்பாலான கார்களில் பக்கத்துக்கு இரண்டோ மூன்றோ போல்ட்கள்தாம் இருக்கும். ஆனால் இந்த வேலையில் இரண்டு இடங்களில் கவனம் தவறவே கூடாது. ஒன்று, ஷாக் அப்சார்பரின் கீழ் போல்ட்டை உருவுவதற்கு முன்பே, பின் சக்கரங்களைத் தாங்கும் குறுக்குப் பகுதியான ஆக்சிலுக்கு அடியில் ஜாக்கி கொடுத்துத் தாங்கியிருக்க வேண்டும். மற்றொன்று, புதியதை மாட்டிய பின் அந்தப் போல்ட்டை முழுமையாக இறுக்குவது, வண்டியின் எடை சக்கரங்களின் மேல் உட்கார்ந்திருக்கும் நிலையில்தான் நடக்க வேண்டும். முதலாவது உங்கள் பாதுகாப்பைப் பொறுத்தது. இரண்டாவது புதிய பாகத்தின் ஆயுளைப் பொறுத்தது. கீழே வரும் படிகளின் வரிசை பெரும்பாலும் இந்த இரண்டையும் சுற்றியே அமைந்திருக்கிறது.

ஷாக் அப்சார்பர் செய்யும் வேலை

வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங்தான். ஷாக் அப்சார்பர் அல்ல. பள்ளத்தில் இறங்கி அமுங்கிய ஸ்பிரிங் மீண்டும் விரியும்போது, ஒரு முறையோடு நிற்காமல் மேலும் கீழுமாக ஆடிக்கொண்டே இருக்கப் பார்க்கும். அந்த ஆட்டத்தை அடக்குவதே ஷாக் அப்சார்பரின் வேலை. உள்ளே எண்ணெய் நிரம்பிய குழாயில் ஒரு பிஸ்டன் நகர்கிறது. அதிலுள்ள சிறிய வால்வுகளின் வழியே எண்ணெய் நெருக்கிப் பிடித்துப் பாய்வதால், ஆட்டத்தின் ஆற்றல் வெப்பமாக மாறி வெளிக் காற்றில் கலந்துவிடுகிறது. எண்ணெயில் நுரை கட்டினால் இந்தத் தடை குறைந்துவிடும் என்பதால், இப்போது வரும் பெரும்பாலான ஷாக் அப்சார்பர்களில் நைட்ரஜன் வாயுவை அழுத்தத்தோடு அடைத்திருப்பார்கள்.

பின்பக்கத்தில் இதற்கு இன்னொரு வேலையும் உண்டு. பல கார்களில், சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கியதும் ஆக்சில் எவ்வளவு தூரம் கீழே தொங்கலாம் என்பதை ஷாக் அப்சார்பரின் நீளம்தான் தீர்மானிக்கிறது. அதைக் கழற்றிய மறுகணம் ஆக்சிலுக்கு அந்தப் பிடிப்பு இல்லாமல் போகும். ஆக்சில் சட்டென்று கீழே இறங்கும், சுருள் ஸ்பிரிங் தன் இருக்கையை விட்டு நழுவி வெளியே வரலாம், பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் ஒயரும் இழுபடலாம். ஜாக்கி கொடுத்துத் தாங்க வேண்டும் என்று வலியுறுத்துவது இதனால்தான்.

உண்மையிலேயே தேய்ந்துவிட்டதா?

80,000 கிலோமீட்டர் ஓடியதும் மாற்றிவிடலாம் என்று சில தயாரிப்பாளர்கள் சொல்வதுண்டு. அது சோதித்துப் பார்க்க வேண்டிய காலத்தைக் குறிக்கும் கணக்கு என்று எடுத்துக்கொள்வதே பொருத்தம். கரடுமுரடான சாலையில் சுமையோடு ஓடும் வண்டிக்கு அதற்கு வெகு முன்பே தேவைப்படலாம். நல்ல சாலையில் ஓடுவது அதைத் தாண்டியும் உழைக்கலாம்.

வேகத்தடையைக் கடந்த பின்னும் வண்டியின் பின்பகுதி இரண்டு மூன்று முறை துள்ளுவது, வளைவில் பின்பக்கம் அலைவது, பள்ளத்தில் இறங்கும்போது ‘டக் டக்’ என்று சத்தம் வருவது, பின் டயரின் ஓரத்தில் சிறு சிறு குழிகளாக விட்டுவிட்டுத் தேய்ந்திருப்பது ஆகியவை முக்கிய அறிகுறிகள். டயரின் மேல் உள்ளங்கையை வைத்துச் சுற்றிலும் தடவினால், இந்த மேடுபள்ளம் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே கைக்குத் தெரிந்துவிடும். ஷாக் அப்சார்பர் தேய்ந்தால் சக்கரம் சாலையை விட்டு அடிக்கடி எழும்புவதால், பிரேக் பிடித்து நிற்கும் தூரமும் கூடும். மாற்றுவதைத் தள்ளிப்போடக் கூடாது என்பதற்கு இதுவே முதன்மையான காரணம்.

அடுத்து, கண்ணால் பார்க்க வேண்டியது எண்ணெய்க் கசிவு. மேல் பகுதியில் மெல்லிய ஈரப் படலமும் அதில் ஒட்டிய தூசியும் இருப்பது மட்டும் பழுதுக்கு அடையாளமல்ல. பிஸ்டனோடு இணைந்த கம்பியான ராடு மேலும் கீழும் போகும்போது, எண்ணெயைத் தடுக்கும் வளையமான சீலுக்கு வெளியே சிறிதளவு எண்ணெய் வருவது இயல்பு. ஆனால் உடல் முழுதும் நனைந்து, எண்ணெய் கீழ் வரை வழிந்திருந்தால் அந்த ஷாக் அப்சார்பர் முடிந்துவிட்டது.

பின்பக்க மூலையை அமுக்கிவிட்டுக் கையை எடுத்துப் பார்க்கும் சோதனை எல்லோருக்கும் தெரிந்ததுதான். வண்டி மேலே வந்து உடனே அடங்க வேண்டும். திரும்பத் திரும்ப ஆடினால் கோளாறு உறுதி. ஆனால் இதன் மறுதலை உண்மையல்ல. ஸ்பிரிங் விறைப்பாக உள்ள கார்களில், ஷாக் அப்சார்பர் பாதி தேய்ந்திருந்தாலும் இந்தச் சோதனையில் அது வெளியே தெரியாது. அதைவிட நம்பகமான ஒரு வழி இருக்கிறது. மோசமான சாலையில் சிறிது நேரம் ஓட்டிவிட்டு வந்தவுடன், இரண்டு பக்க ஷாக் அப்சார்பர்களின் உடலையும் சைலன்சர் குழாயில் கை படாமல் தொட்டுப் பாருங்கள். வேலை செய்வது வெதுவெதுப்பாக இருக்கும். செயலிழந்தது ஏறக்குறைய குளிர்ந்தே இருக்கும்.

உங்கள் காரின் அமைப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்

இந்த வழிகாட்டி, பின்பக்கத்தில் ஸ்பிரிங் தனியாகவும் ஷாக் அப்சார்பர் தனியாகவும் பொருத்தப்பட்ட கார்களுக்கானது. டார்ஷன் பீம் எனப்படும், இரு பக்கங்களையும் ஒரே குறுக்குச் சட்டம் இணைக்கும் ஆக்சில் உள்ள சிறிய கார்களும், பட்டை ஸ்பிரிங் உள்ள வண்டிகளும், சக்கரத்தைப் பிடிக்கும் இணைப்புக் கைகளான லிங்க்குகள் பல கொண்ட அமைப்புகளில் ஒரு பகுதியும் இதில் அடங்கும். வண்டிக்கு அடியில் எட்டிப் பார்த்து, சுருள் ஸ்பிரிங் ஷாக் அப்சார்பரைச் சுற்றியே அமைந்திருந்தால் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். அதைப் பிரிக்க ஸ்பிரிங் கம்ப்ரஸர் வேண்டும். அழுத்தத்தில் இருக்கும் ஸ்பிரிங் நழுவினால் உயிருக்கே ஆபத்து. ஸ்பிரிங்கோடு சேர்த்து முழுத் தொகுப்பாகப் புதியது கிடைத்தால் வாங்கி மாட்டலாம். இல்லையென்றால் பட்டறையில் கொடுப்பதுதான் சரி. ஷாக் அப்சார்பரிலிருந்து மின் ஒயரோ காற்றுக் குழாயோ புறப்பட்டால் அதுவும் வீட்டு வேலை அல்ல.

வாங்க வேண்டியவை

ஷாக் அப்சார்பரை எப்போதும் ஓர் ஆக்சிலுக்கு இரண்டாகவே மாற்ற வேண்டும். ஒரு பக்கம் புதியதும் மறுபக்கம் பழையதுமாக இருந்தால் இரண்டு சக்கரங்களும் இரு வேறு விதமாக நடந்துகொள்ளும். அவசரமாகப் பிரேக் பிடிக்கும்போதும் வளைவிலும் அது வண்டியின் போக்கைக் கெடுக்கும். காரின் சேசிஸ் எண்ணைச் சொல்லி வாங்குங்கள். ஒரே மாடலில்கூட ஆண்டுக்கு ஆண்டு நீளமும், போல்ட் நுழையும் இடத்தில் உள்ள ரப்பர் உறையான புஷ்ஷின் அளவும் மாறியிருக்கலாம்.

மேல் முனையைப் பாடியோடு இணைக்கும் மேல் மவுண்ட், பம்ப் ஸ்டாப் எனப்படும் ரப்பர்த் தடுப்பு, தூசி மறைப்பு, புதிய லாக் நட் ஆகியவற்றையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள் என்பது என் பரிந்துரை. பழைய பம்ப் ஸ்டாப் உதிர்ந்து பொடியாகிக் கிடக்கும் வண்டிகள் ஏராளம். புதிய ஷாக் அப்சார்பரில் அதையே மாட்டினால், பள்ளத்தில் முழு அமுக்கம் வரும்போது அடி நேரே பிஸ்டனுக்குப் போய்ச் சேரும். தூசி மறைப்பு கிழிந்திருந்தால் மணல் ராடில் ஒட்டி சீலை அறுத்துவிடும். உள்ளே நைலான் வளையம் கொண்ட லாக் நட்டை ஒருமுறை கழற்றினால் அதன் பிடிப்பு குறைந்துவிடும் என்பதால் மீண்டும் பயன்படுத்தக் கூடாது.

கருவிகளும் முந்தைய நாள் வேலையும்

டிராலி ஜாக்கி ஒன்று, வண்டியின் எடைக்கேற்ற ஆக்சில் ஸ்டாண்டு ஒரு ஜோடி, ஆக்சிலைத் தாங்க இரண்டாவது ஜாக்கி, முன் சக்கரங்களுக்குக் கட்டைகள், சாக்கெட் செட், ரிங் ஸ்பேனர்கள், நீளமான கைப்பிடி கொண்ட பிரேக்கர் பார், ராடைப் பிடிக்க ஆலன் கீ, குறிப்பிட்ட அளவுக்கு இறுக்க உதவும் டார்க் ரெஞ்ச், கம்பி பிரஷ், துரு இளக்கும் எண்ணெய், கண்களுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை ஆகியவை தேவை. வண்டியோடு வரும் சிறிய ஜாக்கி டயர் மாற்றுவதற்கு மட்டுமே ஆனது. அதன் பலத்தில் மட்டும் நிற்கும் வண்டிக்கு அடியில் கையையோ தலையையோ ஒருபோதும் விடாதீர்கள்.

வேலைக்கு முந்தைய நாள் மாலையே ஷாக் அப்சார்பரின் போல்ட்களைக் கம்பி பிரஷால் தேய்த்து, மரையின் மேலுள்ள மண்ணையும் துருவையும் நீக்கி, துரு இளக்கும் எண்ணெயை நன்றாக அடித்து விட்டுவிடுங்கள். மறுநாள் காலையில் இன்னொரு முறை அடியுங்கள். சில நிமிட வேலைதான். ஆனால் போல்ட் ஒழுங்காகக் கழலுமா, முறியுமா என்பது பெரும்பாலும் இதில்தான் இருக்கிறது.

அதே நேரத்தில் ஓர் அளவையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வண்டி சமதளத்தில், ஆளோ சுமையோ இல்லாமல் நிற்கும்போது, பின் சக்கரத்தின் நட்ட நடுப்புள்ளியிலிருந்து அதற்கு நேர் மேலே மட்கார்டின் விளிம்பு வரை எத்தனை மில்லிமீட்டர் என்று இரு பக்கமும் அளந்து எழுதுங்கள். இறுதியாகப் போல்ட்டை இறுக்கும்போது இந்த அளவு தேவைப்படலாம். வண்டியைத் தூக்கிய பிறகு இதை எடுக்க முடியாது.

வண்டியைத் தூக்குவது

கான்கிரீட் போன்ற கெட்டியான சமதளத்தைத் தேர்ந்தெடுங்கள். மண் தரையிலும், வெயிலில் இளகும் தார்த் தரையிலும் ஸ்டாண்டின் கால்கள் புதையும். சரிவில் இந்த வேலையைச் செய்யவே கூடாது.

ஹேண்ட் பிரேக் போட்டிருக்கிறோமே என்ற நம்பிக்கையில் பலர் கட்டை வைக்காமல் விட்டுவிடுகிறார்கள். பெரும்பாலான கார்களில் ஹேண்ட் பிரேக் பிடிப்பது பின் சக்கரங்களை. அவற்றையே தரையிலிருந்து தூக்கிய பிறகு அது வண்டியைப் பிடித்து நிறுத்தாது. முன் சக்கரங்களால் இழுபடும் காராக இருந்தால், கியரில் போட்டு வைப்பது ஓரளவு உதவும். பின் சக்கரங்களால் தள்ளப்படும் காரில் அதுவும் பயன்படாது. எந்தக் காராயினும் இரண்டு முன் சக்கரங்களுக்கும் முன்னும் பின்னும் கட்டை வைத்த பின்னரே ஜாக்கியைத் தொடுங்கள்.

சக்கரம் தரையில் இருக்கும்போதே வீல் நட்களைக் கால் சுற்று அளவுக்குத் தளர்த்திக்கொள்ள வேண்டும். பிறகு, வண்டியின் கையேட்டில் காட்டியிருக்கும் இடத்தில் ஜாக்கியைக் கொடுத்துத் தூக்கி, பாடியின் அடியில் உள்ள உறுதியான தாங்கு புள்ளிகளில் இரு பக்கமும் ஸ்டாண்டுகளை வையுங்கள். ஆக்சில் மேலும் கீழும் அசைய வேண்டியிருப்பதால் ஸ்டாண்டு ஆக்சிலுக்கு அடியில் இருக்கக் கூடாது. வண்டியை ஸ்டாண்டுகளின் மேல் இறக்கியதும் பக்கவாட்டில் கையால் நன்றாகத் தள்ளிப் பாருங்கள். சற்றும் நகராமல் நின்றால்தான் அடுத்த வேலை. கழற்றிய சக்கரத்தைப் படுக்கவைத்துப் பாடியின் ஓரத்துக்கு அடியில் தள்ளி வைத்தால், எதிர்பாராமல் வண்டி சரிந்தாலும் அது ஓர் இரண்டாம் தாங்கலாக நிற்கும்.

ஆக்சிலைத் தாங்குவது

இரண்டு பக்கங்களையும் ஒரே நேரத்தில் கழற்றாதீர்கள். ஒரு பக்கத்தை முழுமையாக மாட்டி முடித்த பிறகே மறுபக்கம் போக வேண்டும். ஒரு ஷாக் அப்சார்பராவது மாட்டியிருந்தால் ஆக்சில் முழுவதுமாகக் கீழே போகாது. மேலும், எந்த வாஷர் எந்தப் பக்கம் என்ற ஐயம் வந்தால் மறுபக்கத்தைப் பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டாவது ஜாக்கியை, நீங்கள் வேலை செய்யும் பக்கத்தில், ஸ்பிரிங்கின் கீழ் இருக்கைக்கோ ஆக்சில் கையின் முனைக்கோ அடியில் வையுங்கள். பிரேக் டிரம், அதன் பின் தகடு, பிரேக் குழாய் ஆகியவற்றின் மேல் ஜாக்கியின் தலை படக் கூடாது. ஸ்பிரிங் சற்றே அமுங்கத் தொடங்கும் வரை தூக்கினால் போதும். அதற்கு மேல் தூக்கினால் வண்டியின் பாடியே ஸ்டாண்டிலிருந்து எழும்பிவிடும். சில வண்டிகளில், சுமைக்கேற்பப் பின் பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வின் கம்பி ஆக்சிலோடு இணைந்திருக்கும். அதை வளைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழையதைக் கழற்றுவது

மேல் முனை எங்கே இருக்கிறது என்பது காருக்குக் கார் மாறும். சிலவற்றில் டிக்கியின் பக்கவாட்டு உறைக்குப் பின்னால் ஒரு ரப்பர் மூடியைத் திறந்தால் நட் தெரியும். சிலவற்றில் சக்கரக் குழியின் உள்ளேயே மவுண்டைப் பிடிக்கும் இரண்டு போல்ட்கள் இருக்கும். எதையும் கழற்றும் முன் கைப்பேசியில் இரண்டு கோணங்களில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

மேல் நட்டைத் திருகினால் பல வேளைகளில் ராடும் சேர்ந்தே சுற்றும். ராடின் நுனியில் ஆலன் கீ நுழையும் அறுகோணக் குழியோ, ஸ்பேனர் பிடிக்கும் தட்டைப் பரப்போ இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு, வளைந்த ரிங் ஸ்பேனரால் நட்டைத் திருகுவதே முறை. அந்தக் குழி மழுங்கிப்போயிருந்தால், எப்படியும் தூக்கிப்போடப்போகும் பழைய ராடு என்பதால் அதைப் பூட்டுக் குறடால் இறுக்கிப் பிடித்துக் கழற்றலாம், அல்லது நட்டை அறுத்தே எடுக்கலாம். புதிய ஷாக் அப்சார்பரின் ராடை மட்டும் எக்காரணம் கொண்டும் குறடால் தொடாதீர்கள். பளபளக்கும் அந்தப் பரப்பில் விழும் ஒரு சிறு கீறல், ஒவ்வோர் அசைவிலும் சீலை அறுத்துச் சில மாதங்களிலேயே எண்ணெயை ஒழுக விட்டுவிடும்.

பெரும் பொறுமை வேண்டிய இடம் கீழ் போல்ட். தண்ணீரும் சேறும் படும் இடத்தில் ஆண்டுக்கணக்கில் இருந்ததால் துருப்பிடித்து இறுகியிருக்கும். முதலில் மிகச் சிறிதளவு இறுக்கும் திசையில் அசைத்துத் துருவின் பிடிப்பை உடையுங்கள். பிறகு பிரேக்கர் பாரால் நிதானமாகத் தளர்த்துங்கள். சிறிது கழன்றதும் மீண்டும் கடினமாவதை உணர்ந்தால், மேலும் பலம் கொடுக்காமல் எண்ணெய் அடித்து, அரைச் சுற்று உள்ளே, ஒரு சுற்று வெளியே என்று முன்னும் பின்னுமாகத் திருகிக் கொண்டுவாருங்கள். பல கார்களில் இந்தப் போல்ட் நுழையும் நட் ஆக்சிலிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். அதன் மரையைக் கெடுத்துவிட்டால், ஒரு மணி நேர வேலை ஒரு நாள் வேலையாகிவிடும்.

நட் கழன்றும் போல்ட் வெளியே வராமல் நிற்பதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, ஸ்பிரிங்கின் விசை போல்ட்டின் மேல் குறுக்கே அழுத்திக்கொண்டிருக்கும். ஜாக்கியை ஒரு சில மில்லிமீட்டர் ஏற்றியும் இறக்கியும் பார்த்தால், ஓரிடத்தில் அந்த அழுத்தம் விலகி, அதுவரை அசையாமல் இருந்த போல்ட் விரலாலேயே சுழலும். அந்த உயரத்தில் ஜாக்கியை நிறுத்தி உருவிவிடலாம். மற்றொன்று, புஷ்ஷின் உள்குழாயோடு போல்ட் துருவால் ஒட்டிக்கொண்டிருக்கும். நட்டை போல்ட்டின் முனையோடு சமமாக வரும் வரை திருகி வைத்து, அதன் மேல் இரும்புத் துண்டைக் கொடுத்துச் சுத்தியலால் தட்டினால் மரை நசுங்காமல் போல்ட் நகரும். அதற்கும் மசியாவிட்டால், புஷ்ஷுக்கும் பிராக்கெட்டுக்கும் இடையிலுள்ள இடுக்கில் இரும்பு அறுக்கும் பிளேடை விட்டு அறுத்து எடுத்துவிட்டுப் புதிய போல்ட் போடுவதே நல்லது. அந்தப் போல்ட் பழையதன் அதே அளவும் அதே வலிமைத் தரமும் கொண்டதாக இருக்க வேண்டும்.

தீயால் சூடாக்கிக் கழற்றும் வழக்கத்தை இங்கே பின்பற்றாதீர்கள். பக்கத்திலேயே பெட்ரோல் டேங்கும் பிரேக் ஹோஸும் இருக்கின்றன. ஷாக் அப்சார்பருக்குள் எண்ணெயும் அழுத்தத்தில் அடைத்த வாயுவும் இருக்கின்றன.

ஷாக் அப்சார்பர் வெளியே வந்ததும், அந்த இடம் திறந்திருக்கும்போதே சுற்றியுள்ளவற்றை ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்று முறிந்திருப்பது வெளியிலிருந்து எளிதில் தெரியாது. விரலால் தடவிப் பார்க்க வேண்டும். பிரேக் ஹோஸை லேசாக வளைத்து வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்பிரிங்கின் ரப்பர் இருக்கை, ஆக்சில் கையின் புஷ் ஆகியவற்றையும் பார்த்துக்கொள்ளலாம்.

புதியதைத் தயார் செய்வது

பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, முழுதும் விரிந்த நிலையில் நீளம், கீழ்க் கண் எனப்படும், போல்ட் நுழையும் வளையத்தின் அகலம், போல்ட் துளையின் விட்டம், மேல் மரையின் தடிமன் ஆகியவை ஒத்துப்போகின்றனவா என்று சரிபாருங்கள். பழையது வாயு இழந்து தானாக விரியாமல் கிடந்தால் கையால் இழுத்து அளக்கலாம்.

இரட்டைக் குழாய் வகை ஷாக் அப்சார்பர் பெட்டியில் படுத்துக் கிடந்திருந்தால், வெளிக் குழாயில் இருக்க வேண்டிய வாயு உள் குழாய்க்குள் புகுந்திருக்கும். அப்படியே மாட்டினால் தொடக்கத்தில் சத்தமும் பிடிப்பில்லாத துள்ளலும் வரும். புதியதே பழுது என்று திருப்பிக் கொடுக்கப்படுவனவற்றில் இந்தக் கோளாறும் உண்டு. ராடு மேலே இருக்கும்படி நேராக நிறுத்தி, முழுதும் விரியவிட்டு, பிறகு கடைசி வரை மெதுவாக அமுக்கி, மீண்டும் விரியவிடுங்கள். தொடக்கத்தில் நடுவில் எங்கோ வழுக்கிப்போவது போன்ற ஒரு வெற்றிடம் கைக்குத் தெரியும். நான்கைந்து முறை செய்ததும் அது மறைந்து, அமுக்கும் தூரம் முழுவதும் ஒரே சீரான எதிர்ப்பு இருக்கும். அதன் பிறகு மீண்டும் படுக்கவைக்காமல் நேராகவே வைத்திருந்து மாட்டிவிட வேண்டும். ஒற்றைக் குழாய் வகைக்கு இது தேவையில்லை.

பம்ப் ஸ்டாப்பையும் தூசி மறைப்பையும் பழையதில் இருந்த அதே வரிசையில், அதே முகம் மேலே வரும்படி கோத்துக்கொள்ளுங்கள். கிண்ணம் போல் குழிந்த வாஷர்கள் எந்தப் பக்கம் பார்க்கின்றன என்பதற்கு நீங்கள் எடுத்த படம் இப்போது உதவும்.

மாட்டுவது

மேல் முனையை முதலில் துளையில் நுழைத்து, நட்டைக் கையால் சில சுற்று ஏற்றிக்கொள்ளுங்கள். வாயு நிரப்பிய ஷாக் அப்சார்பரை ஒரு பட்டையால் கட்டி அமுக்கிய நிலையில் கொடுத்திருந்தால், மேல் முனை உறுதியாக உட்கார்ந்த பிறகே அந்தப் பட்டையை வெட்டுங்கள். அது தன் விசையிலேயே விரிந்து கீழே வரும். கீழ்க் கண்ணைப் பிராக்கெட்டுக்குள் நுழைத்து, ஜாக்கியைச் சிறிது சிறிதாக ஏற்றி இறக்கித் துளைகளை நேராக்குங்கள். இரண்டும் நேராக வந்தால் போல்ட் கையால் தள்ளினாலே நுழையும். சுத்தியலால் அடித்து நுழைக்க வேண்டியிருந்தால் இன்னும் நேராகவில்லை என்று பொருள். இப்போதைக்கு நட்டை ஆட்டமில்லாத அளவுக்கு மட்டும் இறுக்கி நிறுத்துங்கள்.

மேல் முனை மரையோடு கூடிய ராடாக இருந்து, இருபுறமும் ரப்பர் வளையங்கள் அமைந்திருந்தால் அதை இப்போதே முழுமையாக இறுக்கலாம். ரப்பர் பிதுங்கி நசுங்கும் வரை இறுக்காமல், குறிப்பிட்ட இறுக்க அளவோடு நிறுத்த வேண்டும். அடித்தடித்துச் சுழற்றும் விசைக் கருவியான இம்பாக்ட் ரெஞ்சால் இந்த நட்டைத் தொடாதீர்கள். ராடு உள்ளே வேகமாகச் சுழன்று பிஸ்டனின் இணைப்பும் சீலும் கெடும்.

பிறகு மறுபக்கத்தையும் இதே முறையில் முடியுங்கள்.

இறுதி இறுக்கம்

கீழ்க் கண்ணிலுள்ள ரப்பர் புஷ் சுழலும் பேரிங் அல்ல. அதன் நடுவிலுள்ள இரும்புக் குழாயை, போல்ட்டை இறுக்கியதும் பிராக்கெட் இரு பக்கமும் கவ்விப் பிடித்துக்கொள்ளும். அதன் பிறகு ஆக்சில் ஏறி இறங்கும்போது ஏற்படும் கோண மாற்றம் முழுவதையும் ரப்பர் மட்டுமே முறுக்கிக் கொடுத்து ஈடுசெய்கிறது. சக்கரம் தொங்கும் நிலையில் போல்ட்டை இறுக்கினால், ரப்பரின் இயல்பு நிலையே அந்தத் தொங்கும் கோணமாக அமைந்துவிடும். வண்டியைத் தரையில் இறக்கியதும், ஓடாமல் நிற்கும்போதுகூட ரப்பர் முறுக்கிய நிலையிலேயே இருக்கும். ஒவ்வொரு பள்ளத்திலும் அந்த முறுக்கு மேலும் கூடும். விரைவிலேயே ரப்பர் கிழிந்து சத்தம் வரத் தொடங்கும். நல்ல ஷாக் அப்சார்பர் இருந்தும் புஷ் கெட்டு மீண்டும் கழற்ற வேண்டி வருவதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

ஆகவே சக்கரங்களை மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, பின்பகுதியை இரண்டு மூன்று முறை அமுக்கிவிட்டு, அது தன் இயல்பான உயரத்தில் அடங்கிய பிறகு கீழ் போல்ட்டை டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். பல கார்களில் பின்னாலிருந்தே கை எட்டும். எட்டாவிட்டால் நான்கு சக்கரங்களும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நிற்கும்படி சரிவு மேடைகளில் ஏற்றிக்கொள்ளலாம்.

இரண்டுக்கும் வழியில்லை என்றால், முன்பு அளந்து வைத்த மில்லிமீட்டர் கணக்கு வரும் வரை ஆக்சிலை ஜாக்கியால் தூக்கி, அந்த உயரத்தில் இறுக்கலாம். ஆனால் அந்த உயரத்தை எட்டும்போது அந்தப் பக்க எடையின் பெரும்பகுதி ஸ்டாண்டிலிருந்து ஜாக்கிக்கு மாறியிருக்கும். வண்டியின் பாடி ஸ்டாண்டை விட்டு எழும்புகிறதா என்று கண் வைத்துக்கொண்டு, உடலை வண்டிக்கு வெளியே வைத்துக் கையை மட்டும் நீட்டி இறுக்க வேண்டும். முடிந்தவரை தரையில் இறக்கியே இறுக்குங்கள். அதுதான் பாதுகாப்பு, உயரமும் அப்போதுதான் துல்லியமாக இருக்கும்.

இறுக்க அளவை உங்கள் காரின் சர்வீஸ் கையேட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள். மேல் ராடின் மெல்லிய மரைக்கு உரிய அளவும், கீழே உள்ள தடித்த போல்ட்டுக்கு உரிய அளவும் பெரிதும் வேறுபடும். ஒன்றுக்கானதை மற்றொன்றில் பயன்படுத்தினால் ராடு முறியலாம், அல்லது போல்ட் தளர்ந்துவிடலாம். வீல் நட்களையும் எதிரெதிர் வரிசையில், கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்குங்கள்.

ஓட்டிப் பார்ப்பதும் பிறகு பார்க்க வேண்டியதும்

முதலில் மெதுவான வேகத்தில், ஒரு வேகத்தடையும் சில பள்ளங்களும் உள்ள பாதையில் ஓட்டுங்கள். பின்பக்கம் ஒரே அசைவில் அடங்க வேண்டும். சத்தம் வரக் கூடாது. டக்கென்று ஒரு சத்தம் வந்தால் பெரும்பாலும் மேல் நட் முழுதும் இறுகவில்லை, அல்லது ஒரு வாஷர் விட்டுப்போயிருக்கிறது. பின் டயர்கள் ஏற்கெனவே குழிகுழியாகத் தேய்ந்திருந்தால், ஷாக் அப்சார்பர் மாற்றிய பின்னும் அவற்றின் இரைச்சல் நீங்காது. அதை வைத்துப் புதிய பாகத்தைக் குறை சொல்ல வேண்டாம். ஸ்பிரிங் தனியாக உள்ள இந்த அமைப்பில், ஷாக் அப்சார்பரை மட்டும் மாற்றியதால் பொதுவாக வீல் அலைன்மென்ட் மாறாது. லிங்க் எதையாவது கழற்றியிருந்தால் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

50 முதல் 100 கிலோமீட்டர் ஓடிய பின் வீல் நட்களை மீண்டும் ஒருமுறை டார்க் ரெஞ்சால் சரிபார்த்து, ஷாக் அப்சார்பரில் எண்ணெய்க் கசிவு உண்டா என்றும் பாருங்கள். கழற்றிய பழையவற்றை அறுக்கவோ துளையிடவோ தீயில் போடவோ கூடாது. உள்ளே அழுத்தத்தில் வாயு இருக்கிறது என்று சொல்லி, பழைய உலோகம் எடுப்பவரிடமோ பட்டறையிலோ ஒப்படைத்துவிடுங்கள்.